மூச்சு ஒன்று, ஓசை பல

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

பிறந்தவுடன் நாம் ஒவ்வொருவரும் செய்த முதல் காரியம் அழுததுதான். அந்த அழுகையைக் கேட்ட பிறகே சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்று தொடங்கிய ஓசை நம்மை விட்டு நீங்குவதே இல்லை. பேசுகிறோம், பாடுகிறோம், தாலாட்டுகிறோம், ஒப்பாரி வைக்கிறோம், ‘ம்’ கொட்டிக் கதை கேட்கிறோம், முளைப்பாரி ஊர்வலத்தில் குலவையிடுகிறோம். கல்லூரி நாள் விழாவில் கடைசி வரிசையிலிருந்து சீழ்க்கை அடிக்கும் நண்பர்களையும் இங்கே மறந்துவிடக் கூடாது! இத்தனை ஓசைகளும் ஒரே மூச்சுக் காற்றிலிருந்து எப்படிப் பிறக்கின்றன? இந்தக் கேள்வி எனக்குப் பாடப் புத்தகத்திலிருந்து வரவில்லை. என் வீட்டிலிருந்து வந்தது. அது வந்த கதையையும் கிடைத்த விடையையும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

கேள்வி பிறந்த கதை

என் தந்தை ஆடு மேய்ப்பவர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். எங்கள் ஊர் வானம் பார்த்த பூமி. கண்மாய்க் கரையிலும் கருவேலங்காட்டிலும் பரவி மேயும் 60 ஆடுகளைத் தனி ஆளாக மேய்ப்பதற்கு அப்பாவிடம் மூன்று கருவிகள் உண்டு. ஒன்று தொரட்டி, இன்னொன்று குரல், மற்றொன்று சீழ்க்கை. பக்கத்தில் நிற்கும் ஆட்டுக்கு ‘ட்ர்ர்ர்’, எட்டத்தில் போகும் ஆட்டுக்கு ஓங்கிய கூப்பாடு, கண்ணுக்குத் தெரியாத ஆட்டுக்குச் சீழ்க்கை என்று கணக்கு வைத்திருந்தார்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் அவருக்குத் தொண்டை கட்டியது. ஆடிக்காற்றுதானே, சரியாகிவிடும் என்று இருந்தோம். மிளகு, பனங்கற்கண்டு, சித்தரத்தை, கற்பூரவல்லிச் சாறு என்று ஊரில் சொன்ன எல்லாவற்றையும் கொடுத்தோம். ஐப்பசி பிறந்தபோது அவர் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது, பேச்சு வரவில்லை.

அந்த நாட்களில் ஒரு நாள், தேர்வுக் கட்டணத்துக்கான பணத்தைக் கொடுக்கக் கல்லூரி வாசலுக்கு வந்தார். மதிய இடைவேளை. நான் வேப்பமரத்தடியில் தோழிகளோடு நின்றிருந்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட அவரிடம் குரல் இல்லை. ஆகவே ஆடுகளைக் கூப்பிடும் அதே சீழ்க்கையை அடித்தார். மரத்தடியில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். காவலாளி அதட்டினார். நான் ஓடிப் போய்ப் பணத்தை வாங்கிக்கொண்டு, “நீங்க போங்கப்பா” என்று அனுப்பிவிட்டேன். யார் அது என்று கேட்ட தோழியிடம், “எங்க ஊர்க்காரர்” என்றேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்று இரவு உறக்கம் வரவில்லை. செய்த தவற்றின் வருத்தத்தோடு ஒரு கேள்வியும் சேர்ந்து குடைந்தது. ஒரு சொல் பேசக் குரல் இல்லாதவருக்குச் சீழ்க்கை மட்டும் எப்படி முன்போலவே கணீரென்று வந்தது? மறுநாள் ஒலியியல் வகுப்பு முடிந்ததும் எங்கள் இயற்பியல் பேராசிரியரிடம் கேட்டேன். அவர் உடனே விடை சொல்லவில்லை. “நல்ல கேள்வி அம்மா. முதலில் அப்பாவை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போ. பிறகு நூலகத்துக்குப் போ” என்றார். இரண்டையும் செய்தேன்.

காற்றே முதல்

எந்த ஓசைக்கும் முதல் தேவை காற்று. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலே இருக்கிறது. உந்தியிலிருந்து எழும் காற்று, தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நாக்கு, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி வெவ்வேறு எழுத்துகளாகப் பிறக்கிறது என்று அதில் தொல்காப்பியர் வகுத்துச் சொல்கிறார். கருவி எதுவும் இல்லாத காலத்தில், தம் உடலையே ஆய்வுக்கூடமாகக் கொண்டு கண்டறிந்த செய்தி இது. பள்ளியில் நாம் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த பகுதி, உண்மையில் ஓர் அறிவியல் பாடம்.

நுரையீரலில் நிறைந்த காற்றை, உதரவிதானமும் விலாத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் சேர்ந்து அளவோடு வெளியே தள்ளுகின்றன. ஆனால் வெறும் மூச்சு ஓசையாகாது. உறங்கும் குழந்தையின் மூச்சு அருகில் இருப்பவர்க்கும் கேட்பதில்லை. சீராக ஓடும் காற்றை ஏதேனும் ஒன்று அதிரச் செய்ய வேண்டும். அந்த வேலையைச் செய்ய நம் உடலில் ஓர் இடம் மட்டும் இல்லை. பல இடங்கள் இருக்கின்றன. என் கேள்விக்கான விடையின் முதல் நுனி இங்கேதான் கிடைத்தது.

தொண்டைக்குள் ஒரு நாதஸ்வரம்

முதல் இடம் குரல்வளை. மூச்சுக்குழலின் மேல் முனையில், கழுத்தின் முன்பக்கம் தொட்டால் தட்டுப்படும் குருத்தெலும்புப் பெட்டி அது. அதற்குள் முன்பின்னாக நீண்டு, இரு பக்கமும் இரண்டு மடிப்புகள் இருக்கின்றன. இவற்றைக் குரல் நாண்கள் என்கிறோம். நாண் என்றதும் வீணைத் தந்தியைப் போல இழுத்துக் கட்டிய கம்பி என்று நினைத்துவிடக் கூடாது. மெல்லிய ஈரத்தோல் போர்த்திய தசை மடிப்புகள் அவை. நீளம் ஆண்களுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர். பெண்களுக்கு ஏறத்தாழ 1.5 சென்டிமீட்டர். அவ்வளவுதான்!

மூச்சு விடும்போது இவ்விரு மடிப்புகளும் விலகி நின்று காற்றுக்கு வழி விடுகின்றன. பேச நினைத்ததும் நெருங்கி ஒட்டிக்கொள்கின்றன. கீழிருந்து வரும் காற்றின் அழுத்தம் அவற்றைத் தள்ளித் திறக்கிறது. காற்று விரைந்து வெளியேறும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அதனாலும் தம் மீள்தன்மையாலும் மடிப்புகள் மீண்டும் மூடிக்கொள்கின்றன. மறுபடி அழுத்தம் கூடுகிறது, மறுபடி திறக்கின்றன. ஆண்களின் பேச்சில் இது வினாடிக்கு ஏறத்தாழ 120 முறை நிகழ்கிறது. பெண்களின் பேச்சில் 200 முறைக்குச் சற்று மேல். பச்சிளங்குழந்தையின் அழுகையில் 400 முறைக்கும் மேல். நீண்ட, தடித்த மடிப்பு மெதுவாக அதிரும். குறுகிய, மெல்லிய மடிப்பு வேகமாக அதிரும். பருவ வயதில் ஆண் பிள்ளைகளுக்குக் குரல் உடைவதும், குரல்வளை வளர்ந்து நாண்கள் நீள்வதால்தான்.

இது எப்படி நடக்கிறது என்று பார்க்க ஆசையா? உதடுகளைத் தளர்வாக மூடிக்கொண்டு, சிறு பிள்ளைகள் பேருந்து ஓட்டி விளையாடுவதைப் போல ‘ப்ர்ர்ர்’ என்று ஊதிப் பாருங்கள். உதடுகளை நாம் ஒவ்வொரு முறையும் அசைப்பதில்லை; காற்றே அசைக்கிறது. தொண்டைக்குள் நாண்கள் செய்வதும் இதுவே. இன்னும் பொருத்தமாகச் சொல்ல வேண்டுமானால், நாதஸ்வரத்தின் சீவாளியைச் சொல்லலாம். சீவாளியின் இரண்டு இதழ்களும் காற்றில் துடித்துத் திறந்து மூடுவதால்தான் நாதஸ்வரம் பேசுகிறது. நம் குரல் நாண்களே நமது சீவாளி. தொண்டையும் வாயும் மூக்கும் சேர்ந்து நமது குழல். ‘ஆ’ என்று ஒரே சுருதியில் தொடங்கி, சுருதியை மாற்றாமல் ‘ஈ’ என்று முடித்துப் பாருங்கள். நாண்களின் அதிர்வெண் மாறவில்லை. வாயின் வடிவம் மாறியதால் எழுத்து மாறியது.

நாண்கள் எப்படி அதிர்கின்றன என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே ஒரு வழக்கு நடந்திருக்கிறது. ஒவ்வொரு அதிர்வுக்கும் மூளையிலிருந்து ஒரு நரம்புத் துடிப்பு வருகிறது என்று 1950இல் ரவூல் உசோன் என்ற பிரெஞ்சு அறிஞர் கூறினார். நரம்பு தாளம் போடவில்லை, காற்றோட்டமும் மடிப்புகளின் மீள்தன்மையும் சேர்ந்தே அதிர்வை உண்டாக்குகின்றன என்று 1958இல் நெதர்லாந்தைச் சேர்ந்த வான் டென் பெர்க் விளக்கினார். இன்று உலகம் ஏற்றுக்கொண்டிருப்பது இந்த இரண்டாவது கருத்தையே.

உயிருள்ள மனிதரின் நாண்கள் அசைவதை நேரில் பார்த்து உலகுக்குச் சொன்னவர் மருத்துவர் அல்லர். மானுவேல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார்! அவர் 1854இல் பல் மருத்துவரின் சிறு கண்ணாடியைத் தம் தொண்டைக்குள் வைத்து, இன்னொரு கண்ணாடியால் சூரிய ஒளியை உள்ளே திருப்பி, தம் குரல் பிறக்கும் இடத்தைத் தாமே பார்த்தார். மறு ஆண்டு தம் கண்டுபிடிப்பை இலண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதி அனுப்பினார்.

அவர் கண்ட காட்சியை நானும் கண்டேன். அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு, எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்பதால் நானே அப்பாவுடன் போனேன். சீட்டில் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டார்கள். ‘ஆடு மேய்த்தல்’ என்று சொன்னேன். மருத்துவர், நுனியில் கேமரா பொருத்திய மெல்லிய குழாயை அப்பாவின் மூக்கு வழியாகச் செலுத்தினார். திரையில் முத்து நிறத்தில் இரண்டு மடிப்புகள் தெரிந்தன. “ஐயா, ‘ஈ’ சொல்லுங்க” என்றார் மருத்துவர். மடிப்புகள் நெருங்கின. ஆனால் ஒட்டவில்லை. ஒன்றின் ஓரத்தில் மிளகளவு ஒரு கொப்புளம் இடையில் நின்றது. “பாருங்கம்மா, இது தடுக்கறதால நாண் ரெண்டும் மூட முடியலை. காத்து கசிஞ்சு போகுது. அதான் குரல் இல்லை” என்றார்.

சீவாளியில் பழுது, அதனால் நாதஸ்வரம் பேசவில்லை. பாதி விடை கிடைத்துவிட்டது.

வாய் மூடிப் பாடும் பாட்டு

மீதி விடைக்குப் போகுமுன், குரல் நாண்களின் உதவியால் பிறக்கும் இன்னோர் ஓசையையும் பார்த்துவிடுவோம். அதுதான் வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று இசைப்பது. திரைப்பாடல்களில் இதை ஹம்மிங் என்கிறோம். தொட்டிலை ஆட்டும் தாய், பாட்டின் சொற்கள் தீர்ந்த பிறகும் நிறுத்தாமல் தொடர்வது இந்த ஓசையைத்தான்.

வாய் மூடியிருக்கும்போது காற்று எங்கே போகிறது? ‘ம்ம்ம்’ என்று இசைத்துக்கொண்டே மூக்கை விரல்களால் இறுகப் பிடித்துப் பாருங்கள். ஓசை ஒரு நொடியில் நின்றுவிடும். வெளியே போக வழியில்லாமல் காற்று வாய்க்குள் நிறைந்து, நாண்களுக்கு மேலும் கீழும் அழுத்தம் சமமாகிவிடுகிறது. அழுத்த வேறுபாடு இல்லையேல் காற்றோட்டம் இல்லை. காற்றோட்டம் இல்லையேல் அதிர்வு இல்லை. ‘ம்’ மூக்கின் துணையால் பிறக்கும் மெல்லெழுத்து என்று இலக்கணம் சொல்வதை, இந்த ஒரு சோதனையில் நாமே மெய்ப்பித்துவிடலாம்.

முனகிப் பாடும்போது உதட்டிலும் மூக்குத் தண்டிலும் ஓர் அதிர்வை உணர்கிறோம். நம் ஓசை காற்றின் வழியாக மட்டுமன்றி, மண்டை எலும்பின் வழியாகவும் நம் காதை அடைகிறது. எலும்பு தாழ்ந்த சுருதிகளை நன்றாகக் கடத்துவதால், நம் குரல் நமக்குக் கனமாகக் கேட்கிறது. கைபேசியில் பதிவு செய்த நம் குரலைக் கேட்டு, “இது என் குரலா?” என்று முகம் சுளிப்பதற்குக் காரணம் இதுவே. மற்றவர்கள் கேட்பது அந்தக் குரலைத்தான், வருந்திப் பயனில்லை!

2002ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் வைட்ஸ்பெர்க், லுண்ட்பெர்க் இருவரும் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டார்கள். அமைதியாக மூச்சு விடுவதைக் காட்டிலும், ‘ம்ம்ம்’ என்று இசைத்தபடி மூச்சு விடும்போது, மூக்கிலிருந்து வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு 15 மடங்கு கூடுகிறது என்பதே அது. மூக்கைச் சுற்றியுள்ள எலும்பு அறைகளில் இந்த வாயு உண்டாகிறது. ஓசையின் அதிர்வு அந்த அறைகளின் காற்றை உள்ளும் புறமும் அசைத்து வெளியேற்றுகிறது. யோகப் பயிற்சியில் வண்டின் ரீங்காரம் போல ஒலிக்கும் பிராமரி என்ற முறை உண்டு. அதனால் இன்ன நோய் தீரும் என்று இந்த ஆய்வை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த நேரத்தில் மூக்கின் அறைகளில் காற்றோட்டம் மிகுகிறது என்பதை மறுக்கவும் முடியாது.

உதட்டில் ஒரு புல்லாங்குழல்

இனி, சீழ்க்கை. ஊரில் சீட்டி என்போம். நகரத்தில் விசில் என்பார்கள். இதன் பிறப்பு முற்றிலும் வேறு. ஒரு கையைத் தொண்டையில் வைத்துக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று சொல்லுங்கள். விரலில் அதிர்வு தெரியும். அதே கையை வைத்தபடி சீழ்க்கை அடியுங்கள், அதிர்வே இராது. குரல் நாண்கள் விலகி நின்று, காற்றுக்கு வழி விடும் வேலையை மட்டும் செய்கின்றன. அப்படியானால் அதிர்வது எது? உதடா? உதட்டை விரலால் தொட்டுப் பாருங்கள்; அதுவும் அதிரவில்லை.

காற்றே அதிர்கிறது! காலி சோடாப் புட்டியின் வாயருகே உதட்டை வைத்து ஊதினால் ‘பூ’ என்று ஓர் ஓசை எழுவதை அறிவோம். புட்டிக்குள் இருக்கும் காற்று, சுருள்வில்லைப் போல அமுங்கி விரிந்து, கழுத்திலுள்ள காற்றை முன்னும் பின்னும் ஆட்டுகிறது. புட்டியில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி ஊதினால் சுருதி உயர்கிறது. அறை சிறுத்தால் அதிர்வெண் கூடும். இத்தகைய ஒத்ததிர்வு அறைகளைச் செய்து இசையை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் எல்ம்ஹோல்ட்ஸ், தம் புகழ்பெற்ற நூலை 1863இல் வெளியிட்டார். அவரது பெயரையே இவ்வறைகளுக்கு வைத்திருக்கிறார்கள்.

நம் வாய்க்குழிதான் புட்டி. குவிந்த உதடுகளே அதன் கழுத்து. நாக்குக்கும் அண்ணத்துக்கும் இடையே நெருக்கமான வழியில் வரும் காற்று, தாரையாக உதட்டு வட்டத்தைக் கடக்கிறது. அந்தத் தாரையில் சின்னஞ்சிறு சுழல்கள் எழுகின்றன. வாய்க்குழியின் காற்று, தனக்கு இயல்பான அதிர்வெண்ணில் ஆடி, அந்தச் சுழல்களைத் தன் தாளத்துக்கே பிறக்கும்படி ஒழுங்கு செய்கிறது. சுழல்கள் ஆட்டத்துக்கு ஊட்டம் கொடுக்கின்றன. ஆட்டம் சுழல்களுக்குத் தாளம் கொடுக்கிறது. நாக்கை முன்னே தள்ளினால் அறை சிறுத்துச் சுருதி ஏறும். பின்னே இழுத்தால் இறங்கும். நாம் அறியாமலே நாக்கால் செய்யும் இசை இது. புல்லாங்குழலிலும் துடிக்கும் சீவாளி கிடையாது. ஊதும் காற்றும் குழலுக்குள் இருக்கும் காற்றும் சேர்ந்தே ஓசையாகின்றன. ஆகவே நாம் ஒவ்வொருவரும் தொண்டையில் ஒரு நாதஸ்வரத்தையும், உதட்டில் ஒரு புல்லாங்குழலையும் வைத்துக்கொண்டு திரிகிறோம் எனலாம்.

சீவாளி பழுதானால் நாதஸ்வரம் நின்றுவிடும். புல்லாங்குழலுக்கு என்ன கவலை? அப்பாவின் குரல் போய்ச் சீழ்க்கை மட்டும் நின்ற காரணம் இதுதான்.

இவை இரண்டும் தனித்தனிக் கருவிகள் என்பதற்கு மேலும் இரண்டு சான்றுகள் உண்டு. காற்றை வெளியே ஊதாமல் உள்ளே இழுத்துக்கொண்டும் சீழ்க்கை அடிக்கலாம். சீழ்க்கை அடித்துக்கொண்டே தொண்டையில் ‘ம்ம்ம்’ என்றும் ஒலிக்கலாம். முயன்று பாருங்கள், இரண்டு ஓசைகளும் ஒருசேரக் கேட்கும்.

விரலை வாயில் வைத்து அடிக்கும் சீழ்க்கை இன்னும் வலியது. விரல்கள் நாக்கு நுனியை மடித்துப் பிடிக்க, காற்றுத் தாரை கீழுதட்டின் விளிம்பில் மோதிப் பிளக்கிறது. அருகில் அளந்தால் அது 100 டெசிபலையும் தாண்டும். திரையரங்கில் நம் நண்பர்கள் நடத்திக் காட்டுவது உண்மையில் ஒரு பாய்ம இயக்கவியல் சோதனை!

அப்பாவின் சீழ்க்கையை, அதிர்வெண் காட்டும் கைபேசிச் செயலி ஒன்றில் நான் அளந்தேன். 1,400 ஹெர்ட்ஸில் தொடங்கி, 2,300 வரை ஏறி, மீண்டும் இறங்கியது. திரையில் ஒற்றைக் கோடு தெரிந்தது. என் பேச்சை அளந்தபோதோ, ஏணிப்படி போல ஒன்றின் மேல் ஒன்றாகப் பல கோடுகள் தெரிந்தன; அடிப்படைச் சுரமும் அதன் மேற்சுரங்களும் அவை. பேச்சின் ஆற்றல் பல அதிர்வெண்களில் சிதறுகிறது. சீழ்க்கையின் ஆற்றல் ஒன்றிலேயே குவிகிறது. அதுவும் நம் செவி மிக நுட்பமாகக் கேட்கும் எல்லையை ஒட்டியே குவிகிறது. காற்றின் இரைச்சலோ பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண் உடையது. அது சீழ்க்கையை மறைப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஆட்டுக்குச் சீழ்க்கை என்ற அப்பாவின் கணக்கு, இயற்பியலின் கணக்கும் ஆகும்.

‘இரவில் சீட்டி அடித்தால் பாம்பு வரும்’ என்பார் என் பாட்டி. பாம்புகள் நன்றாக உணர்வது சில நூறு ஹெர்ட்ஸுக்குட்பட்ட தாழ்ந்த அதிர்வுகளையே. சீழ்க்கை அதற்கு வெகு உயரத்தில் இருக்கிறது. ‘பெண் பிள்ளை சீட்டி அடித்தால் வீட்டுக்கு ஆகாது’ என்பதும் பாட்டியின் வாக்கே. இதற்கு இயற்பியலில் எந்த ஆதாரமும் எனக்குக் கிடைக்கவில்லை!

மலை தாண்டும் பேச்சு

சீழ்க்கையால் ஆட்டை அழைக்கலாம். ஆளோடு பேச முடியுமா? முடியும். ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், ஸ்பெயின் நாட்டுக்கு உரிய கனேரித் தீவுகளில் லா கொமேரா என்ற சிறு தீவு இருக்கிறது. ஆழ்ந்த பள்ளத்தாக்குகள் நிறைந்த ஊர். எதிர் மலையில் நிற்பவனிடம் ஒரு செய்தி சொல்ல வேண்டுமானால், இறங்கி ஏறப் பல மணி நேரம் ஆகும். ஆகவே அங்குள்ள ஆட்டிடையர்களும் உழவர்களும் ஸ்பானிய மொழியையே சீழ்க்கையாக மாற்றிப் பேசினார்கள். அதன் பெயர் சில்போ. ஐந்து உயிரொலிகளுக்கு இரண்டு சீழ்க்கைகள், மெய்யொலிகளுக்கு நான்கு சீழ்க்கைகள். இவற்றைக் கொண்டே பெயர் சொல்லி அழைப்பார்கள், சேதி சொல்வார்கள், விருந்துக்கும் கூப்பிடுவார்கள். ‘ஈ’ என்னும்போது நாக்கு முன்னே உயர்கிறது. அதே நிலையில் சீழ்க்கையும் உயர்ந்து ஒலிக்கிறது. பேச்சும் சீழ்க்கையும் கைகோக்கும் இடம் இதுவே.

தொலைபேசியும் சாலையும் வந்தபின் சில்போ மங்கத் தொடங்கியது. தீவின் மக்கள் அதை விட்டுவிடவில்லை. 1999 முதல் பள்ளிகளில் பாடமாக வைத்தார்கள். 2009இல் யுனெஸ்கோ நிறுவனம் அதை மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. துருக்கியில் ‘பறவை ஊர்’ என்று பொருள்படும் குஷ்கோய் என்ற மலைக் கிராமத்திலும் இத்தகைய சீழ்க்கை மொழி உண்டு. அழியும் நிலையிலுள்ள மரபு என்று 2017இல் யுனெஸ்கோ அதைக் குறித்து வைத்தது.

இதைப் படித்த அன்று நூலகத்தில் சிறிது நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஓர் ஊர் தன் ஆட்டிடையரின் சீழ்க்கையைப் பள்ளிக்கூடத்தில் வைத்து ஆதரிக்கிறது. நான் என் தந்தையின் சீழ்க்கையைக் கேட்டு, ‘ஊர்க்காரர்’ என்று சொன்னேன்.

குலவையும் உச்சுக்கொட்டலும்

இன்னும் இரண்டு ஓசைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முளைப்பாரியிலும் நடவிலும் நம் பெண்கள் இடும் குலவையில் இரண்டு உறுப்புகள் ஒருங்கே உழைக்கின்றன. குரல் நாண்கள் உச்ச சுருதியில் இடைவிடாமல் அதிர்கின்றன. நாக்கு வேகமாக அசைந்து அந்த ஓசையை வெட்டி வெட்டி அனுப்புகிறது. வங்காளத்தில் உலு என்றும், ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வேறு பெயர்களாலும் மகிழ்ச்சி நாட்களில் இதே ஓசையை எழுப்புகிறார்கள்.

பிறர் துன்பம் கேட்டு நாம் ‘உச்சு’க் கொட்டுகிறோமே, அதற்கு நுரையீரலின் காற்றே வேண்டாம். நாக்கை மேற்பல்லின் பின்னே ஒட்டவைத்து, வெற்றிடம் போலச் சிறிது இழுத்து விடுகிறோம். வெளிக்காற்று பாய்ந்து ‘ச்’ என்கிறது. நமக்கு இது இரக்கக் குறிப்பு மட்டுமே. தென்னாப்பிரிக்காவின் சோசா, சூலு மொழிகளிலோ இவ்வோசை மெய்யெழுத்தாகவே சொற்களில் வருகிறது. ஒரு நாட்டின் உச்சுக்கொட்டல் இன்னொரு நாட்டின் எழுத்து!

குரலைக் காப்போம்

அப்பாவின் நாணில் இருந்தது பாலிப் என்னும் வளர்ச்சி. பல ஆண்டுகள் கத்தியதும், பீடிப் புகையும் அதற்குக் காரணமாகலாம் என்றார் மருத்துவர். சிறு அறுவையால் அதை நீக்கிச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. புற்று இல்லை என்று வந்த பிறகுதான் அம்மா உலை வைத்தார். “மூணு மாசம் ஏம்மா காத்திருந்தீங்க? படிக்கிற பிள்ளை நீயாவது சொல்லியிருக்கலாமே” என்று மருத்துவர் என்னைக் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதிலாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஒரு சிறு கணக்கு. 50 நிமிட வகுப்பில் ஓர் ஆசிரியரின் நாண்கள் பாதி நேரம் மட்டுமே அதிர்வதாகக் கொள்வோம். அது 1,500 வினாடி. வினாடிக்கு 120 வீதம் 1,80,000 முறை அவை ஒன்றோடொன்று மோதுகின்றன. ஆசிரியை என்றால் மூன்று லட்சத்துக்கும் மேல். பின் வரிசையில் நாம் பேசப் பேச, அவர் குரலை உயர்த்த உயர்த்த, மோதலின் வலிமை கூடுகிறது. ஆசிரியர்களுக்குக் குரல் நோய் மிகுதி என்பது மருத்துவ உலகம் அறிந்த செய்தி. அடுத்த முறை வகுப்பில் சலசலக்கும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்வோம்.

நாம் நினைவில் வைக்க வேண்டியவை சிலவே. நாண்கள் ஈரத்தில் வாழ்பவை. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். தொண்டை கட்டியபோது கத்தக் கூடாது. வலிந்து கிசுகிசுப்பதும் நாண்களுக்கு ஓய்வாகாது. புகை அவற்றுக்குப் பகை. எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்று வாரத்துக்கு மேல் குரல் கட்டியிருந்தால், கைவைத்தியத்தோடு நிற்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். இதை நம் வீடுகளில் சொல்ல வேண்டியவர்கள், வீட்டின் முதல் பட்டதாரிகளாகிய நாம்தான்.

இன்று அப்பா பேசுகிறார். குரலில் சிறிது கரகரப்பு உண்டு. பீடியை விட்டுவிட்டார். ஆடுகளிடம் கத்துவதைக் குறைத்துக்கொண்டு, சீழ்க்கையையே மிகுதியாக நம்புகிறார். சென்ற மாதம் மீண்டும் கல்லூரி வாசலுக்கு வந்தார். குரல் இருந்தும், தூரத்திலிருந்த என்னைச் சீழ்க்கை அடித்துத்தான் கூப்பிட்டார். இம்முறை தோழிகளையும் அழைத்துக்கொண்டு போய், “எங்க அப்பா” என்றேன். ஒருத்தி சீழ்க்கை கற்றுத் தரச் சொன்னாள். “பொம்பளப் பிள்ளைகளுக்கு எதுக்குத் தாயி அது?” என்று கூச்சத்தோடு சிரித்தார். பிறகு, “உதட்டைக் குவி, நாக்கைக் கீழே வை, மெதுவா ஊது” என்று வேப்பமரத்தடியில் பாடம் நடத்தினார். எல்ம்ஹோல்ட்ஸ் என்ற பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அறையைச் சிறிதாக்கினால் சுருதி ஏறும் என்பது அவர் நாக்குக்குத் தெரிந்திருக்கிறது.

நண்பர்களே, நம் வீட்டுத் திண்ணையிலும் வயல் வரப்பிலும் இப்படி எத்தனையோ பாடங்கள் எழுதப்படாமல் கிடக்கின்றன. புத்தகத்தைத் திறப்பதோடு அவற்றையும் திறந்து பார்ப்போம். கேள்விகள் அங்கே காத்திருக்கின்றன.